சார்ஜென்ட்டின் இடது தோள்

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் வேலையைப் பட்டன் அக்கா யாரிடமும் விட்டதில்லை. கடையைத் திறந்ததும் ஊசித் தகட்டைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் அடியில் சேர்ந்த பஞ்சை வழித்தெடுப்பாள். போன வாரம் தைத்த நிறமெல்லாம் அந்தப் பஞ்சில் இருக்கும். பிறகு ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. அதற்கு மேல் விட்டால் யாருடைய வெள்ளைச் சட்டையிலாவது போய் நிற்கும். கடைசியில் ஒரு கந்தல் துணியைக் கொடுத்து, அதில் எண்ணெய்க் கறை விழாமல் போகும்வரை மெஷினை ஓட்டுவாள்.

அன்றைக்குக் கந்தல் பாதி ஓடும்போது போன் அடித்தது. எடுக்காமலே யாரென்று தெரிந்தது. கடைக் கதவு திறந்த சூடு ஆறுவதற்குள் கூப்பிடுகிற ஒரே ஆள் அவளுடைய நாத்தனார்தான்.

"அண்ணி, களிமண் வேலை முடிஞ்சிடுச்சாம். சிற்பி வந்து பார்க்கச் சொல்றார். நீங்க சரின்னு சொன்னா வெள்ளிக்கிழமை அச்சு எடுத்துடுவாராம். அதுக்கப்புறம் ஒரு மயிரிழைகூட மாத்த முடியாது. கிளம்பி நில்லுங்க, வந்துட்டிருக்கேன்."

"மெஷினுக்கு எண்ணெய் விட்டுட்டிருக்கேன்மா."

"விட்டுட்டுக் கிளம்புங்கன்னுதான் சொல்றேன்."

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் ட்ரில் டீச்சர் என்றால்தான் தெரியும். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி வருஷங்கள் ஆகின்றன, குரலிலிருந்து இன்னும் கழற்றவில்லை. அவள் தெருவில் எதிரே வந்தால், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட ஒரு கணம் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். எல்லாரும் அவளிடம் "கூன் போடாதே, வயசானதும் அது தானா வரும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

அவளுடைய அண்ணன், அதாவது பட்டன் அக்காவின் கணவர், ராணுவத்தின் சிறப்புப் படையில் கமாண்டோவாக இருந்தவர். மலை உச்சியில் அடிபட்டுக் கிடந்த ஒரு வீரரை, ஹெலிகாப்டர் கிட்டே வர முடியாத பனிக்காற்றில், தோளில் சுமந்து அடிவாரம்வரை கொண்டுவந்து சேர்த்ததற்குப் பெரிய பதக்கம் வாங்கியவர். ஊர் அவரைச் சார்ஜென்ட் என்று கூப்பிடும். அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஒரு மத்தியானம் இஸ்திரி மேஜைப் பக்கத்து நாற்காலியில் கண்ணயர்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஊரில் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று ட்ரில் டீச்சர் ஒரு குழுவைக் கூட்டினாள். அவள் கூட்டினால் யார் வராமல் இருப்பார்கள்? அக்காவின் கடைக்கு நேர் எதிரே இருக்கும் சின்னப் பூங்காவில் இடம் பார்த்து, பீடமும் கட்டியாகிவிட்டது. சுற்றி உட்கார ஒரு வட்டப் பெஞ்சு, நடுவில் வெண்கலத்தில் ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சார்ஜென்ட். பீடம் இப்போது நீலத் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது.

அக்காவின் கடையில் புதுத்துணி தைப்பது கிடையாது. ஆல்ட்டர் வேலை மட்டும். முன்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல், அதில் பட்டன் நிறைந்த பெரிய ஜாடி, ஜன்னலைப் பார்த்தபடி மெஷின், பக்கத்தில் இஸ்திரி மேஜை, பின்மூலையில் பச்சைத் திரை போட்ட ட்ரையல் ரூம். ஊரில் பாதிப் பேர் உடம்பு அவளுக்கு அத்துப்படி. வங்கி மேனேஜருக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. பல் டாக்டருக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, பேன்ட்டில் அவள்தான் உண்டாக்கிக் கொடுக்கிறாள். பேக்கரிக்காரர் வருஷா வருஷம் வந்து, "துணி சுருங்கிடுச்சுக்கா" என்பார். "ஆமாங்க, இந்தத் தடவை ரொம்பவே சுருங்கிப்போச்சு" என்று அக்காவும் இடுப்பைப் பிரித்து விடுவாள். திரைக்குள் பார்த்தது திரைக்கு வெளியே வராது. அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அவர் தொழிலில் அதைவிடப் பெரிய திரை இருந்தது.

கணவரை முதலில் பார்த்ததும் ஒரு பட்டன் விஷயமாகத்தான். அப்போது அவள் வேறொருவர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அணிவகுப்புக்குப் போகிற அவசரத்தில் ஒரு சிப்பாய் ஓடிவந்தான், ஜாக்கெட்டின் நடுப்பட்டன் ஒற்றை நூலில் தொங்க.

"கழட்ட நேரமில்லைங்க. அப்படியே தைச்சிடுங்க."

நெஞ்சோடு வைத்துத் தைத்தாள். ஊசி ஒரு தடவை இடம் மாறியது. அவன் துள்ளிவிட்டான்.

"விமானத்திலருந்து குதிக்கிற ஆளுன்னு சொன்னாங்களே, நீங்கதானா?"

"விமானம் குத்தாதுங்க."

அடுத்த வாரமும் அதே பட்டன் அறுந்து வந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடியும். அந்தத் தடவை அக்கா நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல் பட்ட அடையாளம் அப்படியே இருந்தது.

"இதைக் கடிச்சது எலியா, நீங்களா?"

"எலிக்கு என்னங்க அவசியம்?" என்றான்.

அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று. வருஷத்தில் பாதிக்கு மேல் அவர் வீட்டில் இருக்க மாட்டார். எங்கே போனார், என்ன செய்தார் என்று சொல்லவும் மாட்டார். திரும்பி வந்ததும் அழுக்கு மூட்டையை அவள் முன்னால் வைப்பார். அவள் அதைப் பிரித்துப் பார்த்துத் தானாகத் தெரிந்துகொள்வாள். முழங்கால் தேய்ந்திருந்தால் பாறை. முழங்கை தேய்ந்திருந்தால் ஊர்ந்திருக்கிறார். பாக்கெட்டில் மணல் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு மனுஷர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை ஜாக்கெட்டின் வலது தோள் தையல் கழுத்திலிருந்து கைவரை பிளந்து வந்தது.

"என்னங்க ஆச்சு இதுக்கு?"

"கொஞ்சம் வெயிட் தூக்கினேன்" என்றார்.

பதக்கம் அறிவித்தபோதுதான் அந்த வெயிட் ஓர் ஆள் என்று தெரிந்தது.

சிற்பியின் பட்டறை, டைல்ஸ் கிடங்குக்குப் பின்னால் உயரமான தகரக் கூரைக்கடியில் இருந்தது. சிற்பி முழங்கைவரை மண்ணோடு வந்து வரவேற்றார். சளி பிடித்த மனிதர், துடைப்பதற்குக் கை சுத்தமாக இல்லாததால் உறிஞ்சிக்கொண்டே பேசினார்.

"வாங்கக்கா, வாங்க மேடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஈரத்துணி சொட்டும்."

பிளாஸ்டிக்கை விலக்கினார். ஈரத்துணியை உரித்தார். ட்ரில் டீச்சர் கைக்குட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள்.

முகம் வந்திருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டுப்பட்ட இடது புருவம், கொஞ்சம் மடங்கிய காது, சிரிக்கப் போகிறாரா அதட்டப் போகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத அந்த வாய். சாகிற வயதுக்குக் கொஞ்சம் முந்தின சார்ஜென்ட், வருஷா வருஷம் ஊர் அணிவகுப்பில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்பாரே, அதே சார்ஜென்ட்.

"அப்படியே எங்கண்ணன்" என்றாள் ட்ரில் டீச்சர். "அந்த முதுகைப் பாருங்க அண்ணி. குச்சி மாதிரி."

அக்கா சிலையைச் சுற்றி வந்தாள். துணியையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள், முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் நன்றாகத் தைக்கலாம். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

பின்னாலிருந்து பார்த்தால் அது யாரோ ஒருத்தர்.

இரண்டு தோளும் ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி ஒரே கோட்டில் இருந்தன. சுவரில் அடித்த அலமாரிப் பலகை மாதிரி. அந்தத் தோளை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது கணவருடைய தோள் இல்லை. அவளே தைத்தது.

பக்கத்தில் ஆணியில், அவள் அளவுக்காகக் கொடுத்தனுப்பிய யூனிஃபார்ம் ஜாக்கெட் ஒரு கம்பி ஹேங்கரில் தொங்கியது. பிரஷ் போட்டு, பட்டனுக்கு மெருகு ஏற்றி அவள்தான் கொடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது நினைவே வரவில்லை. தினமும் பார்க்கிற பொருள் கண்ணில் படாது என்பார்களே, அதுதான்.

சிற்பி மூக்கை உறிஞ்சினார். "அக்கா, ஒண்ணு சொல்லணும். கழுத்துதான் எனக்கு உட்கார மாட்டேங்குது. போட்டோவுல எல்லாம் தலை லேசா வலது பக்கம் சாயுது. இவ்வளவு நேர்த் தோள் இருக்கிறவர் ஏன் தலையைச் சாய்க்கணும்? ஒண்ணும் புரியலை. சரின்னு நிமிர்த்தி வைச்சிட்டேன்."

"நிமிர்த்தினது சரிதான்" என்றாள் ட்ரில் டீச்சர். "எங்கண்ணன் சாய்ஞ்சு நின்னு நான் பார்த்ததில்லை. போட்டோக்காரன் கேமராவைச் சாய்ச்சுப் பிடிச்சிருப்பான்."

"எல்லாப் போட்டோவுலயுமா மேடம்?"

"எல்லாம் ஒரே போட்டோக்காரன்."

"அப்புறம் அந்த ஜாக்கெட்" என்றார் சிற்பி. "ஹேங்கர்ல மாட்டினா இடது பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. பார்த்தேன். ஹேங்கர்தான் கோணல்னு, இடது பக்கக் கம்பியைக் கீழே வளைச்சு நேராக்கிட்டுத்தான் அளவே எடுத்தேன்."

அக்கா அந்த ஹேங்கரைப் பார்த்தாள். ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்த மனுஷரை நேராக்கியிருக்கிறார்கள். ஆரம்பித்து வைத்தது அவள்.

"என்ன அண்ணி, சரின்னு சொல்லிடுங்க. அவருக்கு வேலை இருக்கில்ல."

"வியாழக்கிழமை வந்து சொல்றேன்மா."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"ஆல்ட்டர் பண்ணின துணியையே ஒரு நாள் மாட்டிவைச்சுப் பார்த்துட்டுத்தான் குடுப்பேன். உங்கண்ணனைப் பார்த்தவுடனே குடுத்துடுவேனா?"

ட்ரில் டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சிற்பி தலையை ஆட்டினார். அவருக்கும் இன்னும் கழுத்து உட்காரவில்லை.

அந்தத் தோளைக் கெடுத்த ஏணி விஷயம் நடந்தது அவர் படையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் மாதம். அதுவரை ஆயுதத்தோடு விளையாடிய கைக்கு வீட்டில் வேலை இல்லை. குழாயைப் பிரித்தார், சமையலறையில் வெள்ளம் வந்தது. கடிகாரத்தைப் பிரித்தார், திருப்பிப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம் இருந்தது, கடிகாரம் மட்டும் ஓடவில்லை. பிறகு கண் கடைப் பெயர்ப்பலகை மேல் விழுந்தது.

"போர்டு மாட்டுறவரைக் கூப்பிடலாங்க" என்றாள் அக்கா.

"ஹெலிகாப்டர்ல இருந்து கயித்தைப் பிடிச்சு இறங்கினவன் நான். ஒரு ஏணியில ஏற மாட்டேனா?"

"இறங்கத் தெரியும்னுதானே சொல்றீங்க. ஏறத் தெரியுமா?"

ஏறத் தெரிந்தது. இறங்குவதில்தான் அன்றைக்குப் பிசகிப்போயிற்று. யானைக்கும் அடி சறுக்கும் என்பது யானைக்கு ஆறுதலாக இருக்குமோ என்னவோ, அவருக்கு இல்லை. பலகையைக் கட்டிப் பிடித்தபடியே கடைப் படியில் இடது தோள் மோத விழுந்தார். பலகைக்கு ஒரு கீறல் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஒன்றரை மாதம் கழற்றக்கூடாது என்றார். இவர் ஜன்னலில் யார் நிழல் பட்டாலும், தப்பித்தவறிப் பார்த்துவிட்டால் என்று கட்டைக் கழற்றிவிட்டு நேராக உட்கார்ந்துகொள்வார். எலும்பும் பார்த்தது, இவ்வளவுதான் மரியாதையா என்று கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அந்தத் தோள் இரண்டு விரல் அளவுக்கு இறங்கிப்போயிற்று. தலை அதைச் சமாளிக்க வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

வலிகூட அவருக்குப் பெரிதாக இல்லை. தங்கைதான் பயம். ட்ரில் டீச்சர் ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூட மைதானத்தில் அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்தி, "இவரைப் பாருங்க, மனுஷன்னா இப்படி நிக்கணும்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாள்.

"அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்றார். "மலையில இருந்து விழுந்தா சொல்லிக்கலாம். பொண்டாட்டி கடை வாசல்ல விழுந்தேன்னு எப்படிச் சொல்றது? யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா. மகளும், அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லமாட்டேன் என்றாள்.

அந்த ஒன்றரை மாதமும் சார்ஜென்ட் வெளியூர் போயிருப்பதாக ஊருக்குச் செய்தி. சிறப்புப் படையில் ஒளிந்திருப்பதற்குத் தனிப் பயிற்சி கொடுப்பார்களாம். அந்தப் படிப்பு அவருக்கு முழுசாகப் பயன்பட்டது வீட்டுக்குள்தான். ஒரு நாள் கடையில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தபோது தங்கை தெருவைத் தாண்டி வருவது தெரிந்தது. நிமிஷத்தில் மனுஷர் பச்சைத் திரைக்குப் பின்னால். ட்ரில் டீச்சர் கையில் ஒரு டிராக் சூட்டோடு நேராகத் திரையைப் பார்த்து நடந்தாள்.

"உள்ளே ஆள் இருக்காங்கம்மா."

"யாரு?"

"பல் டாக்டர்."

ட்ரில் டீச்சர் திரைக்குக் கீழே பார்த்தாள். "அவருக்கு இவ்வளவு பெரிய காலா?"

"பல் டாக்டர்னா கால் சின்னதா இருக்கணுமா?"

அதுவும் சரிதான் என்று அவள் திரையைப் பார்த்தே பேசினாள். "டாக்டர், எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடுது. சாயந்திரம் வரட்டுமா?"

உள்ளேயிருந்து ஓர் இருமல் வந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். சாயந்திரம் பல் டாக்டருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

கட்டு பிரித்ததும் அக்கா அட்டை தைக்க உட்கார்ந்தாள். கம்பளித் துணியைப் பெரிதிலிருந்து சின்னதாக அடுக்கடுக்காக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்தால் தோளில் வைக்கிற மெத்தை மாதிரி ஒன்று வரும். தொழிலில் அதற்கு அட்டை என்று பெயர். தோள் இறங்கின இடத்தில் வைத்தால் சட்டை நேராக நிற்கும். சட்டைகளுக்கெல்லாம் அழுத்துப் பட்டன் வைத்த அட்டை, துவைக்கும்போது கழற்றலாம். யூனிஃபார்ம் ஜாக்கெட்டுக்கு மட்டும் உள்துணிக்குள் நிரந்தரமாக வைத்துத் தைத்துவிட்டாள். அவரைக் கடைசியாக அனுப்பிய சட்டையிலும் அட்டை வைத்துத்தான் அனுப்பினாள். ஊர் முழுக்க வந்து பார்த்தது. நேராகத்தான் போனார்.

ஆனால் வீட்டுக்குள் அட்டை கிடையாது. வேலை முடிந்து கதவைச் சாத்தியதும் அவர் சட்டையைக் கழற்றி மாட்டுவார், தோள் தன் இடத்துக்கு இறங்கும், தலை சாயும். என்னவோ ஒரு விஷயத்தை ரொம்ப கவனமாகக் கேட்கிற மாதிரி இருக்கும். அவள் பேசுகிற ஒன்றுக்கும் உதவாத கதையையெல்லாம் அவர் அந்தத் தலையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது முதுகைப் பார்த்தால் போதும், இவர் என்னுடையவர் என்று இருக்கும்.

வெண்கலத்தில் எதிரே நிற்கப் போகிறவருக்கு அந்த முதுகு இல்லை. மெஷினிலிருந்து தலையைத் தூக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஊர்க்காரர் ஒருவர் நிற்பார். மழையிலும் வெயிலிலும் நிற்பார். அவள் காலத்துக்குப் பிறகும் நிற்பார்.

பட்டறைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தாள். மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் ஒரு நிமிஷம் சிரித்தாள்.

"அம்மா, அட்டையை வைச்சே சிலை பண்ணிட்டாங்களா? அப்பா கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாரு."

"அதான்டி பிரச்சினை. அவருக்குச் சந்தோஷம். எனக்கு?"

"அப்ப அத்தைகிட்ட ஏணிக் கதையைச் சொல்லிடு. அவங்களும் சிரிச்சுட்டுப் போவாங்க."

"உங்க அத்தை சிரிச்சு நீ பார்த்திருக்கியா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு தடவை. வாலிபால்ல ஜெயிச்சப்ப."

"எவ்வளவு நேரம்?"

"விசில் ஊதறவரைக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மகள் குரலைத் தழைத்துக்கொண்டு, "நீ சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேல்ல" என்றாள்.

"சொல்லியிருக்கேன்."

"அப்ப என்ன பண்ணப்போற?"

அக்கா ஜாடியிலிருந்து ஒரு பட்டனை எடுத்து மேஜைமேல் சுழற்றிக்கொண்டிருந்தாள். அது சுழன்று விழுந்தது. "சொல்லமாட்டேன்னுதான் சொன்னேன்" என்றாள். "பிரிக்கமாட்டேன்னு சொல்லலையே."

வியாழக்கிழமை அக்கா கைப்பையில் தையல் பிரிக்கிற முள்ளும் சின்னக் கத்தரிக்கோலும் போட்டுக்கொண்டு போனாள். ட்ரில் டீச்சர் அவளுக்கு முன்பே வந்து, கல்வெட்டில் எழுத வேண்டிய வாசகத்தைச் சிற்பிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சிற்பி சிலைமேல் தண்ணீர் தெளித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது தண்ணீர் மட்டும் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி. சரிதானே? அச்சு எடுக்கச் சொல்லிடலாமில்ல?"

"அந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றாள் அக்கா சிற்பியிடம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் விரித்தாள். இடது தோள் பக்கம் உள்துணியைத் திருப்பி, முள்ளை நுழைத்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க? அது அண்ணன் அணிவகுப்புக்குப் போட்ட ஜாக்கெட்."

"தெரியும்மா. நான்தானே தைச்சேன்."

அவள் தையல் அவளுக்கே பிடிகொடுக்கவில்லை. அப்படி நெருக்கமாகத் தைத்திருந்தாள். ஒவ்வொரு கண்ணாக அறுத்துக்கொண்டு போனாள். கடைசிக் கண்ணும் விட்டதும் அக்கா இரண்டு விரலை உள்ளே விட்டு, பழுப்பேறிய அந்த அட்டையை உருவி எடுத்தாள். வியர்வையும் இஸ்திரிச் சூடும் பட்டுப்பட்டு அது ஒரு தோளின் வடிவத்துக்கு வளைந்திருந்தது.

சிற்பியிடம் நீட்டினாள். "உங்க அளவுல இது ஒண்ணு கூடுதலா வந்துடுச்சு. என் தப்புதான். எடுத்துட்டுக் குடுத்திருக்கணும்."

சிற்பி அட்டையை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல் பார்த்தார். விரலால் அதன் கனத்தை அளந்தார். பிறகு திரும்பி ஆணியைப் பார்த்தார். ஜாக்கெட் இல்லாமல் அந்தக் கம்பி ஹேங்கர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் நேராகவும், அவரே வளைத்துவிட்ட இடது பக்கம் இரண்டு விரல் இறங்கியும்.

"அடப்பாவி" என்றார், தன்னைத்தான். "ஆள் இங்கே தொங்கிட்டிருந்திருக்கார். நான் அங்கே தேடிட்டிருக்கேன்."

ட்ரில் டீச்சர் ஹேங்கரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிற்பி அதற்குள் இன்னொரு ஸ்டூல்மேல் ஏறிவிட்டார். களிமண் தோளின்மேல் அட்டையை வைத்து, ஓரத்தைக் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டார். பிறகு மண் அறுக்கிற கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, வெண்ணெய் வெட்டுகிற மாதிரி அந்தக் கனத்தைச் சீவி எடுத்தார். சிலையின் இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தினார். கழுத்தடியில் கட்டை விரலை வைத்து அழுத்தி, தலையைப் பிடித்து வலது பக்கம் ஒரு சின்னச் சாய்ப்பு. அவருக்கு மூக்கை உறிஞ்சக்கூட மறந்துபோயிற்று.

"உட்கார்ந்துடுச்சு" என்றார். "கழுத்து உட்கார்ந்துடுச்சு."

அக்கா பின்பக்கமாகப் போய் நின்றாள். களிமண் பிசிறு இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அது சமையலறையில் பாத்திரம் கழுவுகிற முதுகுதான். எதையோ ரொம்ப கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் கடை ஜன்னலுக்கு எதிரே நின்று கேட்கட்டும், சொல்ல அவளிடம் நிறையக் கதை சேர்ந்திருக்கிறது. கையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஜாக்கெட்டை மடித்தாள். அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

ட்ரில் டீச்சர் சிலையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இப்போதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. "நிமிர்ந்து நில்லு" என்று சிலையைப் பார்த்துச் சொன்னாலும் சொல்லிவிடுவாள், களிமண் பயந்து கேட்டாலும் கேட்டுவிடும்.

"இது எப்பலருந்து அண்ணி?" என்றாள். குரலில் விசில் இல்லை.

"ரொம்ப வருஷமாம்மா."

"என்கிட்ட மறைச்சுட்டான்."

"உன்கிட்ட மறைக்கணும்னுதான் இவ்வளவும்."

ட்ரில் டீச்சர் கைக்குட்டையைத் தேடினாள். கையிலேயே இருந்தது. மெதுவாகக் கையை உயர்த்தி, ஈரம் படாமல், அந்த இறங்கின தோளுக்கு மேலே காற்றில் தடவினாள்.

"மலையில இருந்து அந்தப் பையனைத் தூக்கிட்டு வந்தானே" என்றாள். "அதுல போன தோளு. எனக்கு இப்பத்தான் புரியுது. இத்தனை வருஷம் வலியைத் தாங்கிக்கிட்டு, நான் மைதானத்துல நிறுத்தும்போதெல்லாம் நேரா நின்னிருக்கான் பாருங்க." திரும்பிச் சிற்பியைப் பார்த்தாள், குரலில் விசில் திரும்பி வந்துகொண்டிருந்தது. "கல்வெட்டுல இதையும் சேர்க்கணும். ரெண்டு வரி போதும். நான் எழுதித் தர்றேன்."

சிற்பி அக்காவைப் பார்த்தார். அக்கா வலது தோள் பிளந்து வந்த அந்தப் பழைய ஜாக்கெட்டை நினைத்தாள். பிறகு ஏணியை நினைத்தாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். இல்லையென்றால் சிரித்திருப்பாள்.

"அதுதானே அண்ணி? அந்த மலையிலதானே?"

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டினாள். மடித்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சிற்பிக்குத் தலையாட்டிவிட்டு, தரையில் கிடந்த களிமண் சீவலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அண்ணி, உங்களைத்தான் கேட்கிறேன்."

அக்கா கதவைத் தள்ளினாள். வெளியேறும்முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அண்ணனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ட்ரில் டீச்சரின் தலையும் லேசாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. கதவு அக்காவுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது.